உங்களுக்குத் தெரியுமா? – பைத்தான் கட்டுச்சோறு

வெள்ளிக்கிழமை இரவு, மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். வாடிக்கையாளர் அலுவலகத்திலிருந்து ஒரு பையன் போனில் வந்தான். "அண்ணே, உங்க லேப்டாப்ல ஓடுதுன்னீங்க. இங்க இம்போர்ட் பண்ணாலே விழுது." ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். கடைசி வரியின் சாரம் இவ்வளவுதான்: ஜிலிப்சி 2.34 வேண்டும், இங்கே இல்லை. என்னுடையது உபுண்டு 22.04. அவர்கள் சர்வர் சென்ட்ஓஎஸ் 7. பைத்தானில் எழுதினால் எங்கும் ஓடும் என்று வாய் கிழியப் பேசியவன் நான். வேகத்துக்காக சி மொழியில் எழுதிச் சேர்த்த முந்நூறு வரி என்னை மாட்டிவிட்டது. அந்தச் சனி, ஞாயிறில் தோண்டி எடுத்த சங்கதிகள்தான் இந்த வாரப் பத்தி.

● லினக்ஸில் கோப்பு திறப்பதோ நினைவகம் கேட்பதோ, எதுவானாலும் பெரும்பாலான புரோகிராம்கள் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் கையைப் பிடித்துத்தான் நடக்கின்றன. அதிலுள்ள ஃபங்ஷன் ஒவ்வொன்றுக்கும் 'இது இன்ன பதிப்பில் வந்தது' என்று ஒரு முத்திரை உண்டு. நீங்கள் கம்பைல் செய்யும் இயந்திரத்தில் எந்த முத்திரை இருக்கிறதோ, அது உங்கள் பைனரியில் ஏறிவிடும். பழைய முத்திரைகளைப் புதிய ஜிலிப்சி தூக்கி எறிவதில்லை. அதனால் பழைய இயந்திரத்தில் செய்தது புதியதில் ஓடும். புதியதில் செய்தது பழையதில் ஓடும் என்ற உறுதி இல்லை. பாட்டி பேசுவது பேத்திக்குப் புரியும், பேத்தியின் வாட்ஸ்அப் தமிழ் பாட்டிக்குப் புரியாது, அந்தக் கதைதான். 2.34 இதில் கொஞ்சம் பொல்லாதது. 2021 ஆகஸ்டில் வந்த அந்தப் பதிப்பில், அதுவரை தனி லைப்ரரியாக இருந்த த்ரெட் சமாச்சாரங்களை ஜிலிப்சிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். த்ரெட் உருவாக்கும் ஃபங்ஷனுக்குப் புது முத்திரை விழுந்தது. என் முந்நூறு வரியில் த்ரெட் உருவாக்குவது ஒரே ஒரு வரி.

● ஒரு பாட்டு கரகரத்ததில் வந்த முத்திரையும் உண்டு. 2010 கடைசியில் ஃபெடோரா 14 வெளியானதும், இணையத்தில் ஃபிளாஷ் வழியாகப் பாட்டுக் கேட்டவர்களுக்குச் சத்தம் உடைந்து உடைந்து வந்தது. காரணம் ஒலி அட்டை அல்ல, 'மெம்காப்பி'. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தகவலை நகலெடுக்கும் சாதாரண ஃபங்ஷன் அது. புதிய ஜிலிப்சியில் வேகம் கூட்டுவதற்காக, சில ப்ராசஸர்களில் அதைப் பின்னாலிருந்து முன்னால் நகலெடுக்க வைத்திருந்தார்கள். இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருந்தால் மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஃபிளாஷ் அந்த விதியை மீறிக்கொண்டிருந்தது. அதுவரை யாருக்கும் வலிக்கவில்லை. 'விதி மீறியவன் தப்பு' என்று ஒரு கட்சி, 'ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்தவன் தப்பு' என்று இன்னொரு கட்சி. லினஸ் டோர்வால்ட்ஸே இறங்கி வந்து இரண்டாம் கட்சியில் நின்று சண்டை போட்டார். எனக்கும் அந்தக் கட்சிதான். கடைசியில் 2011-இல் ஜிலிப்சி 2.14 ஒரு சமரசம் செய்தது: பழைய பைனரிகளுக்குப் பத்திரமான பழைய நடை, புதிதாகக் கம்பைல் செய்பவற்றுக்கு 2.14 முத்திரையோடு வேகமான நடை. ஃபிளாஷ் பாட்டு சரியாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து மெம்காப்பியை அழைக்கும் ஒரு சின்ன புரோகிராமைக்கூடப் புதிய 64 பிட் இயந்திரத்தில் கம்பைல் செய்து, ஜிலிப்சி 2.12 வைத்திருந்த சென்ட்ஓஎஸ் 6-க்கு எடுத்துப்போக முடியாமல் ஆயிற்று.

● சரி, பழைய இயந்திரத்துக்கு எங்கே போவது? இங்கேதான் கன்டெய்னர் வருகிறது. 2016-இல் ராபர்ட் மெக்கிப்பனும் நத்தானியல் ஸ்மித்தும் எழுதிய பெப் 513 என்ற பைத்தான் ஆவணம், 'மெனிலினக்ஸ்1' என்று ஒரு விதிமுறையை வகுத்தது. அதற்குச் சொன்ன வழி: சென்ட்ஓஎஸ் 5-ஐ டாக்கர் என்ற கன்டெய்னர் கருவிக்கான படிமத்தில் அடைத்துத் தருகிறோம், அதற்குள் போய்க் கம்பைல் செய்யுங்கள். சென்ட்ஓஎஸ் 5 பிறந்தது 2007-இல், அதன் ஜிலிப்சி 2.5. அந்த யோசனைகூட அவர்கள் தலையில் புதிதாக உதித்ததல்ல. அனகோண்டா, கேனபி என்ற இரண்டு பைத்தான் விநியோகங்கள் அதே பழைய சென்ட்ஓஎஸ்ஸில் கம்பைல் செய்து, பலவகை லினக்ஸ்களுக்கு ஆண்டுக்கணக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தன. எந்த லைப்ரரிகளை நம்பலாம், எவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்ற பட்டியலும் அந்த அனுபவத்தில் விளைந்ததே.

● மெனிலினக்ஸ்1-க்குப் பின் சென்ட்ஓஎஸ் 6-ஐ வைத்து மெனிலினக்ஸ்2010, சென்ட்ஓஎஸ் 7-ஐ வைத்து மெனிலினக்ஸ்2014. ஒவ்வொரு முறையும் புது ஆவணம், புது விவாதம். அலுத்துப்போய், பெப் 600-இல் ஜிலிப்சி எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். மெனிலினக்ஸ்_2_17 என்றால் ஜிலிப்சி 2.17 முதல் மேலே எங்கும் ஓடும். மெனிலினக்ஸ்_2_28-க்கு ஆல்மாலினக்ஸ் 8 கன்டெய்னர். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான்.

● டாக்கர் முதன்முதலில் பொதுமேடை ஏறியது ஒரு பைத்தான் மாநாட்டில். 2013 மார்ச், சான்டா கிளாராவில் நடந்த பைகான். சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடக் குட்டிப் பேச்சில் காட்டிவிட்டு இறங்கினார்.

● கன்டெய்னர் என்ற பெயருக்கு மூலமான சரக்குப் பெட்டியின் கணக்கு இன்னும் பழையது. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டபோது ஏற்றியிருந்த பெட்டிகள் 58.

● கன்டெய்னருக்குள் போய்விட்டால் 2007-க்கே போய்விட்டதாக ஒரு மயக்கம் வரும். சென்ட்ஓஎஸ் 5 கன்டெய்னருக்குள் 'யூநேம்' கட்டளை கொடுத்துப் பாருங்கள். காட்டுவது உங்கள் லேப்டாப்பின் இன்றைய கர்னலை. வாடகைக்கு எடுத்தது வீடு மட்டும், மனை உங்களுடையதுதான். இதனால் ஒரு வேடிக்கையான விபத்து நடந்தது. பழைய ஜிலிப்சி, நேரம் என்ன என்று கேட்கக் கர்னலின் ஒரு நிலையான முகவரிக்கு நேராகப் போகும். நிலையான முகவரி என்றால் திருடனுக்கும் வசதி என்பதால் பின்னாளில் சில லினக்ஸ்களில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். விளைவு: அவற்றின்மேல் சென்ட்ஓஎஸ் 5, 6 கன்டெய்னரைத் திறந்தால் ஒரு எழுத்துகூட வராமல் உடனே மூடிக்கொள்ளும். கிடைப்பது 139 என்ற எண் மட்டும். 128-உடன் 11-ஐக் கூட்டினால் 139. 11 என்பது 'நினைவகத்தில் போகக் கூடாத இடத்துக்குப் போனாய்' என்ற சிக்னல். சென்ட்ஓஎஸ் 6 படிமத்துக்காக மெனிலினக்ஸ் குழுவினர் ஜிலிப்சியையே திருத்தி, திரும்பக் கம்பைல் செய்து உள்ளே வைத்தார்கள்.

● கன்டெய்னர் ப்ராசஸரையும் மறைக்காது. 'இந்த இயந்திரத்துக்கே ஏற்றபடி செய்' என்று கம்பைலருக்கு ஒரு கொடி உண்டு, ஆசையாகச் சேர்த்துவிடாதீர்கள். புத்தம்புது ப்ராசஸரில் செய்து பழைய சர்வருக்கு அனுப்பினால் 'சட்டவிரோத ஆணை' என்று சொல்லிவிட்டு உயிரை விடும்.

● பழைய அடுப்பு, புதுப் பாத்திரம். சென்ட்ஓஎஸ் 5-உடன் வந்த ஜிசிசி கம்பைலர் 4.1, அதற்கு 2011-இன் சி++ தெரியாது. அதனால் மெனிலினக்ஸ்1 கன்டெய்னரில் ரெட்ஹாட்டின் 'டெவ்டூல்செட்' வழியாக 4.8 வைத்தார்கள். புதுக் கம்பைலர் வந்தால் புது சி++ லைப்ரரியும் வேண்டுமே, அது வாடிக்கையாளரிடம் இருக்காதே? அதில்தான் சூட்சுமம். டெவ்டூல்செட்டில் சி++ லைப்ரரி என்ற பெயரில் இருப்பது லைப்ரரியே அல்ல, சில வரிகள் கொண்ட ஒரு குறிப்புச்சீட்டு. 'பழைய லைப்ரரியில் இருப்பதை அங்கே எடு. அதில் இல்லாத புதியவற்றை மட்டும் இந்தப் பொட்டலத்திலிருந்து எடுத்து பைனரிக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடு' என்று லிங்கருக்குச் சொல்லும் சீட்டு. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு ரெட்ஹாட் எஞ்சினியர்கள்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

● பைத்தான் பொதிகளின் கோப்பு வடிவத்துக்கு 'வீல்' என்று பெயர். வண்டிச் சக்கரம் என்று நினைப்பீர்கள். இல்லை, சக்கரம் போலிருக்கும் பாலாடைக்கட்டி. பைத்தான் என்ற பெயரே பாம்பிலிருந்து வரவில்லை, மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிலிருந்து வந்தது. அவர்களுடைய நாடகம் ஒன்றில் பாலாடைக்கட்டியே இல்லாத ஒரு பாலாடைக்கட்டிக் கடை வரும். பைபிஐ என்ற பொதிக் கிடங்குக்கு ஆரம்பத்தில் வைத்த செல்லப்பெயர் அந்தக் கடைதான். வீலுக்கு முன் இருந்த வடிவத்தின் பெயர் 'முட்டை'. அங்கே மட்டும் பாம்பு ஞாபகம் வந்துவிட்டது போலும்.

● வீல் என்பது வாலை மாற்றிக்கொண்ட ஜிப் கோப்பு, அவ்வளவுதான். அன்ஜிப் செய்தால் திறக்கும். ஜிப் டாஸ் காலத்துச் சரக்கு. அதன் நாட்காட்டி 1980-இல்தான் தொடங்குகிறது. லினக்ஸின் நேரமோ 1970-இலிருந்து. எந்த இயந்திரத்தில் செய்தாலும் பைட்டுக்கு பைட் ஒன்றாக வரவேண்டும் என்பதற்காகக் கோப்புத் தேதிகளையெல்லாம் பூஜ்யமாக்கி வைக்கும் கருவிகள் உண்டு. அந்தக் கோப்புகளை வீலாக்கப் போனால், '1980-க்கு முந்திய தேதியை ஜிப் ஏற்காது' என்று பைத்தான் கை விரிக்கும். இதற்காகவே 315532800 என்ற எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 1970 தொடக்கத்திலிருந்து 1980 ஜனவரி 1 வரையிலான விநாடிகள் அது.

● கட்டுச்சோற்றுக்கு வருவோம். உங்கள் பொதிக்கு ஒரு ஜேபெக் லைப்ரரி வேண்டும். போகிற ஊரில் இருக்குமா தெரியாது. கையோடு கட்டிக்கொண்டு போவதுதான் வழி. கட்டித் தருவது 'ஆடிட்வீல்' என்ற கருவி. சோதனைக்காக, நம்பை என்ற கணிதப் பொதியைக் கன்டெய்னருக்குள் கம்பைல் செய்து பார்த்தேன். முதலில் வந்த வீலில் 'லினக்ஸ்' என்று மட்டும் ஒட்டியிருந்தது. பைபிஐ அந்தச் சீட்டோடு வரும் வீலை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 'ஆடிட்வீல் ரிப்பேர்' என்று கொடுத்தேன். சில விநாடிகள். புது வீலைத் திறந்தால், 'நம்பை' என்ற கோப்புறைக்குப் பக்கத்தில் 'நம்பை.லிப்ஸ்' என்று இன்னொன்று முளைத்திருக்கிறது. உள்ளே ஓபன்பிளாஸ் என்ற கணித லைப்ரரி. அதற்குத் துணையாக ஃபோர்ட்ரான் லைப்ரரி: 1950-களில் பிறந்த மொழியின் கையாள், இன்றைய செயற்கை நுண்ணறிவுக்காரர்களின் வீட்டிலும் சத்தமில்லாமல் குடியிருக்கிறான்.

இரண்டு பெயர்களிலும் எட்டு எழுத்தில் ஒரு வால் இருந்தது. ஏதோ தற்காலிகப் பெயர் என்று முதலில் நினைத்தேன். அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட கைரேகை அது. ஏன் வேண்டும்? ஒரே புரோகிராமில் நம்பையும் சைபை என்ற இன்னொரு பொதியும் ஆளுக்கொரு ஓபன்பிளாஸைக் கொண்டுவந்தால், லோடர் பெயரை மட்டும் பார்த்து 'இவன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான்' என்று இரண்டாமவனை விட்டுவிடும். பதிப்பு வேறாக இருந்தால் அப்புறம் கூத்துதான். ஒரே பெயரில் இரண்டு பையன்கள் இருக்கும் வகுப்பில் வாத்தியார் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவாரே, அந்த வால் அதற்குத்தான். கடைசியாக 'பேட்ச்எல்ஃப்' என்ற கருவி பைனரிக்குள் ஒரு வழிக்குறிப்பு எழுதுகிறது: நான் இருக்கும் இடத்திலிருந்து மேலே போய், பக்கத்து அறையில் தேடு. எந்த ஊரில் எந்த வீட்டில் இறக்கினாலும் இந்த முகவரி மாறாது.

● எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போகவும் விடமாட்டார்கள். ஜிலிப்சி, திரைக்கான எக்ஸ்11, கிராஃபிக்ஸுக்கான ஓபன்ஜிஎல் முதலியவை 'போகிற ஊரிலேயே இருக்கும்' பட்டியலில் உள்ளவை. ஓபன்ஜிஎல் அந்தந்த கிராஃபிக்ஸ் அட்டையோடு ஒட்டியது, நம்முடையதைக் கொண்டுபோனால் வேலைக்காகாது. ஆனால் பட்டியல் எழுதியவர்கள் மனதில் இருந்தது மேசைக் கணினி. இன்று ஓபன்சிவி என்ற பட ஆய்வுப் பொதியை மெலிந்த டாக்கர் படிமத்தில் நிறுவினால் 'லிப்ஜிஎல் இல்லை' என்று நிற்கும். திரையே இல்லாத சர்வரில் திரை லைப்ரரி கேட்கிறது. அதற்கென்றே 'ஹெட்லெஸ்' என்ற பெயரில் தலையில்லாத ஓபன்சிவி தனியாக இருக்கிறது.

● கட்டுச்சோறு ஊசிப்போனால்? 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் லைப்ரரியில் ஒரு மோசமான ஓட்டை தெரிந்தது. லினக்ஸ்காரர்கள் சிஸ்டத்தை அப்டேட் செய்துவிட்டுத் தூங்கப் போனார்கள். ஆனால் பைத்தானின் படக் கருவியான பில்லோ, தன் வீலுக்குள் தனக்கென்று ஒரு பிரதியைக் கட்டி வைத்திருந்தது; சிஸ்டம் அப்டேட் அதைத் தொடவே தொடாது. பில்லோ குழு 10.0.1 என்று புதிதாகக் கட்டி வெளியிட்டது. உங்கள் படிமத்துக்குள் பழைய பில்லோ இன்னும் இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா?

● போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேசும் சைக்கோபிஜி2-வின் அனுபவம் வேறு மாதிரி. அதன் வீலுக்குள் கட்டியிருந்த எஸ்எஸ்எல் லைப்ரரியும், பைத்தான் பயன்படுத்தும் சிஸ்டத்து எஸ்எஸ்எல்லும் ஒரே நேரத்தில் ஓடும்போது மோதிக்கொண்டு, பல த்ரெட் உள்ள புரோகிராம்கள் திடீர் திடீரென்று விழுந்தன. 'பைனரி' என்ற ஒட்டோடு வீலைத் தனிப் பெயரில் பிரித்துவிட்டார்கள். அவசரத்துக்கும் பரிசோதனைக்கும் அது. நிஜ சர்வரில் நீங்களே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்பது அவர்கள் ஆலோசனை.

● ஆல்பைன் லினக்ஸ் படிமம் சில எம்பிதான். அதற்கு மயங்காத ஆள் குறைவு. அதில் இருப்பது ஜிலிப்சி இல்லை, மசில். உபுண்டுவில் செய்த பைனரியை உள்ளே போட்டு ஓட்டினால் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று வரும். 'எல்எஸ்' அடித்தால் கோப்பு கண்ணெதிரே குத்துக்கல்லாட்டம் இருக்கும்! கிடைக்காதது அந்தக் கோப்பு அல்ல, அதை ஏற்றிவிட வேண்டிய ஜிலிப்சி லோடர். ஷெல்லுக்கு அதை விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. இதே காரணத்தால் மெனிலினக்ஸ் வீல்களை ஆல்பைன் ஏற்காது; அந்த நாளில் பிப் என்ற நிறுவி மூலநிரலை இறக்கி உங்கள் கண்முன்னே பாண்டாஸ் பொதியைக் கம்பைல் செய்யத் தொடங்கிவிடும். டீ குடித்துவிட்டு வரலாம், சாப்பிட்டுவிட்டும் வரலாம். 2021 பிப்ரவரியில் கிரிப்டோகிராஃபி என்ற பொதி ரஸ்ட் மொழியைச் சேர்த்துக்கொண்டபோது, ஆல்பைன்காரர்கள் ரஸ்ட் கம்பைலரையும் தேடி ஓட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு மசில்லினக்ஸ் என்று தனி முத்திரை வந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது.

● தமிழுக்கும் இதில் ஒரு மூலை உண்டு. பைத்தான் 2.7-இல் ஒரே பதிப்புக்கே இரண்டு வகை லினக்ஸ் வீல் கட்ட வேண்டியிருந்தது. எழுத்தை உள்ளுக்குள் இரண்டு பைட்டில் வைக்கும் பைத்தான் ஒன்று, நான்கு பைட்டில் வைப்பது இன்னொன்று. அ, ஆ, க, ங எல்லாம் இரண்டு பைட்டுக்குள் அடங்கும். ஆனால் 2019-இல் யூனிகோட் 12 நம் பழைய பின்னங்களையும் அளவுக் குறிகளையும் தமிழ்ப் பிற்சேர்க்கையாக ஏற்றபோது, அவற்றுக்கு இரண்டு பைட்டுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது. தொகுதியின் முதல் எழுத்து முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு. இரண்டு பைட் பைத்தானில் ஒரு முந்திரியின் நீளத்தைக் கேட்டால் 2 என்று சொல்லும்! பைத்தான் 3.3 இந்த இரட்டை வகையையே ஒழித்தது.

● 'எல்டிடி' என்ற கட்டளை, ஒரு பைனரிக்கு என்னென்ன லைப்ரரிகள் தேவை என்று காட்டும். முன்பின் தெரியாதவர் கொடுத்த பைனரிமேல் அதை ஏவாதீர்கள். சில சூழ்நிலைகளில் அது அந்த பைனரியையே ஓட்டிப் பார்த்துவிடும்.

● கன்டெய்னருக்குள் கட்டி, வெளியே பகிர்ந்த கோப்புறையில் வந்து விழும் வீலை மேலெழுதப் போனால் 'அனுமதி இல்லை' என்று வரும். உள்ளே நீங்கள் ரூட். வெளியே வெறும் ஆள். உங்கள் லேப்டாப்பில் உங்கள் கோப்புக்கு நீங்கள் சொந்தக்காரர் இல்லை. கட்டும்போதே உங்கள் பயனர் எண்ணைக் கொடுத்துவிட்டால் இந்த அவமானம் மிச்சம்.

● சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. அதன் பழைய டாக்கர் படிமத்தை எடுத்து 'யம்' வழியாக எதையாவது நிறுவப் பார்த்தால், மிரர் பட்டியல் தரும் முகவரியே இல்லை என்று வரும். கடையை மூடிவிட்டார்கள். சரக்கு மட்டும் 'வால்ட்' என்ற பழைய கிடங்கில் இருக்கிறது. முகவரியை அங்கே திருப்பிவிட வேண்டும். மெனிலினக்ஸ்2014 படிமத்தில் அதைச் செய்தே வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படிமத்துக்குள்தான் ஞாயிறு மாலை என் முந்நூறு வரியைத் திரும்பக் கம்பைல் செய்தேன். இப்போது அது கேட்கும் மிக உயர்ந்த முத்திரை 2.14, அவர்கள் சர்வரில் இருப்பது 2.17. திங்கள் காலை பையனுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன்.

"ஓடுது அண்ணே. ஆனா ஒண்ணு, அடுத்த மாசம் சர்வரையே மாத்தப் போறாங்களாம்."

"எதுக்கு மாத்துறாங்க தம்பி?"

"ஆல்பைனாம்."